பூச்சி மாத்திரை: 98 சதவீதம் என்ற கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி இது: வட்டார அளவில் குடற்புழு நீக்க முகாமைக் கண்காணிக்கும் பொறுப்பு கைக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அறிக்கை 98, 99 சதவீதம் என்றே வருகிறது. உண்மையில் எத்தனை பிள்ளைகள் மாத்திரையைச் சாப்பிட்டார்கள், சரியான முறையில் சாப்பிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த 98-ஐ அறிக்கைப் படிவத்தை வைத்துக்கொண்டு சரிபார்க்கவே முடியாது. படிவத்தில் இருப்பது பள்ளியில் யாரோ ஒருவர் கூட்டி எழுதிய ஒற்றை எண். அதற்கு அடியில் இருக்கவேண்டியது வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கு நேரே போட்ட டிக். தேசியக் குடற்புழு நீக்க நாளின் வழிகாட்டுதல்படி முதல் நாள் மாத்திரை சாப்பிட்ட பிள்ளைக்கு ஒரு டிக். விடுபட்டவர்களுக்கான மாப்-அப் நாளில் சாப்பிட்ட பிள்ளைக்கு இரட்டை டிக். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று இரண்டு சுற்று. தேதியை மாநிலங்கள் முன்பின் தள்ளுவதுண்டு. ஆகவே சரிபார்ப்பு என்றால் பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து டிக்குகளை நாமே எண்ணுவது. வேறு குறுக்கு வழி கிடையாது.

மாப்-அப் நாள் முடிந்து ஐந்து முதல் பத்து நாளுக்குள் போய்விட வேண்டும். மாதம் மாறினால் புதிய பக்கம் வந்துவிடும், பழைய பக்கத்தில் நிதானமாக டிக் போட நேரமும் கிடைத்துவிடும். எல்லாப் பெயருக்கும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், அன்று வராத பிள்ளைக்கும் சேர்த்து ஒற்றை டிக் விழுந்திருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் போட்டது. உண்மையான பதிவேட்டில் இடைவெளி இருக்கும், இரட்டை டிக் அங்கங்கே இருக்கும், காய்ச்சல் என்று ஓரத்தில் எழுதியிருக்கும்.

எண்ணி முடித்ததும் ஒரு வகுத்தல். ஒரு பள்ளி 238 பேர் சாப்பிட்டதாக அறிக்கை கொடுத்திருக்கிறது. பதிவேட்டில் ஒற்றை டிக் 205, இரட்டை டிக் 14, ஆக 219 என்று வைத்துக்கொள்வோம். 219-ஐ 238-ஆல் வகுத்தால் 0.92. இதுதான் அந்தப் பள்ளியின் சரிபார்ப்பு விகிதம். ஒன்றுக்குக் கீழே இருந்தால் கூட்டி எழுதியிருக்கிறார்கள். ஒன்றுக்கு மேலே போனால் குறைத்து எழுதியிருக்கிறார்கள். இதுவும் நடக்கிறது, பெரும்பாலும் மாப்-அப் நாளுக்கு முன்பே படிவத்தை அனுப்பிவிட்ட பள்ளிகளில்.

வட்டாரத்துக்கு ஒரே விகிதம் கணக்கிடும்போது பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பள்ளிவாரியான விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது. சின்னப் பள்ளி ஒன்று 30 என்று எழுதி 30 டிக் வைத்திருக்கிறது. பெரிய பள்ளி 600 என்று எழுதி 480 டிக் வைத்திருக்கிறது. விகிதங்களின் சராசரி 0.90. மொத்த டிக்கை மொத்த அறிக்கையால் வகுத்தால் 630-க்கு 510, அதாவது 0.81. இரண்டாவதே சரி. ஏனென்றால் மிகைப்படுத்தல் பெரும்பாலும் பெரிய பள்ளிகளில்தான் ஒளிந்திருக்கும்.

டிக்கே போடாத பள்ளியை என்ன செய்வது? அதைக் கணக்கிலிருந்து நீக்கினால் மீதி விகிதம் அழகாகிவிடும். சுழியம் என்று எழுதினால் உண்மையில் மாத்திரை கொடுத்த பள்ளிக்கு அநியாயம். முழுப் பதிவு, அரைகுறைப் பதிவு, பதிவே இல்லை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பள்ளி என்பதை விகிதத்தோடு சேர்த்தே வெளியிடுங்கள். 'விகிதம் 0.93, ஆனால் பார்த்த 20 பள்ளிகளில் 7-ல் பதிவே இல்லை' என்ற வரியைப் படிப்பவர் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத் தானே முடிவு செய்துகொள்வார்.

டிக்கையும் நம்பாதவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அதை உச்சவரம்புக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். 40 பேர் உள்ள வகுப்பில் முதல் நாள் வந்தவர்கள் 35. வராத ஐந்து பேரில் மாப்-அப் நாளில் வந்தவர்கள் 3. வந்த எல்லோருமே சாப்பிட்டிருந்தாலும் 38-ஐத் தாண்ட முடியாது. அறிக்கையில் 40 என்று இருந்தால் மேற்கொண்டு விசாரிக்க எதுவும் இல்லை. இதற்கு வருகைப் பதிவேடு மட்டும் போதும். அந்தப் பதிவேடு மதிய உணவு, தேர்வு என்று வேறு பல காரியங்களுக்கும் பயன்படுவதால் அதைப் பூச்சி மாத்திரைக்காக யாரும் மாற்றி எழுதமாட்டார்கள்.

இதுவரை சொன்னது சதவீதக் கணக்கில் மேலே இருக்கும் எண், அதாவது சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பது. கீழே இருக்கும் எண், அதாவது மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்பது, இதைவிடப் பெரிய தலைவலி. முகாம் 1 முதல் 19 வயது வரை எல்லோருக்கும். ஆனால் பல வட்டாரங்களில் வகுக்கும் எண்ணாக இருப்பது அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் சேர்க்கை மட்டுமே. தனியார் நர்சரி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகள், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், முதலாண்டுக் கல்லூரி மாணவர், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பதினாறு வயதுப் பையன், செங்கல் சூளையில் பெற்றோரோடு தங்கியிருக்கும் பிள்ளை, இவர்கள் யாரும் பட்டியலில் இல்லாவிட்டால் 98 சதவீதம் வருவதில் ஆச்சரியம் என்ன? எதிர்ப்பக்கமும் உண்டு: அங்கன்வாடியிலும் தனியார் எல்.கே.ஜி.யிலும் பெயர் இருக்கும் நான்கு வயதுக் குழந்தை இரண்டு முறை எண்ணப்படும். இடம்பெயர்ந்துபோன பிள்ளையின் பெயர் பழைய பள்ளியிலேயே கிடக்கும். 100 சதவீதத்தைத் தாண்டிய அறிக்கைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

செய்யக்கூடியது: முகாமுக்கு ஒரு மாதம் முன்பே யூடைஸ் எண்ணோடு (ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அரசு அடையாள எண்) கூடிய முழுப் பள்ளிப் பட்டியலைக் கல்வித்துறையிடம் வாங்கி, மாத்திரை ஒதுக்கீட்டுப் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒதுக்கீட்டில் இல்லாத பள்ளிகளே உங்கள் முதல் கண்டுபிடிப்பு. பள்ளி செல்லாத பிள்ளைகளுக்குத் தனி வரி, தனி மொத்தம். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் (கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் நீங்கலாக) மாத்திரை கொடுக்கப்படுவதால், அந்த எண்ணிக்கை பிள்ளைகளின் எண்ணிக்கையோடு கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. யானைக்கால் நோய்க்கான கூட்டு மருந்து வழங்கல் நடக்கும் மாவட்டமானால், அதிலும் பூச்சி மாத்திரையில் உள்ள அதே மருந்தான அல்பெண்டசோல் இருப்பதால் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி தரம். மாத்திரை கொடுக்கும் நேரத்தில் வகுப்பறைக்குள் நின்று பார்த்தால்தான் இது தெரியும். அல்பெண்டசோல் 400 மி.கி. மென்று சாப்பிடும் மாத்திரை. 1 முதல் 2 வயதுக்கு அரை மாத்திரை. 2 வயதுக்கு மேல் ஒரு முழு மாத்திரை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டு கரண்டிகளுக்கு இடையே வைத்து நன்றாக நசுக்கிப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். இந்த நசுக்கும் வேலையைத் தவிர்க்கும் அங்கன்வாடிதான் உண்மையான ஆபத்து. மாத்திரையின் ரசாயனம் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை; அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணித்தால் மூச்சுக்குழாயில் அடைக்கும். எத்தியோப்பியாவில் முகாம் ஒன்றில் இப்படி மூச்சடைத்துச் சிறு குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அடம்பிடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு மாப்-அப் நாளில் கொடுப்பது குறையல்ல என்பதை அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லிவையுங்கள். 100 சதவீதம் கேட்டு மேலிருந்து நெருக்கினால் திணிப்பு கூடும்.

வகுப்பில் நிற்கும்போது கண்ணை மூன்று இடத்தில் வையுங்கள். முதலாவது டிக் விழும் நேரம்: பிள்ளை மென்று முடித்த பிறகா, மாத்திரை கையில் கொடுத்தவுடனா, வரிசை தொடங்கும் முன்பே முழுப் பக்கத்துக்குமா? இரண்டாவது தண்ணீர்: மெல்லாமல் தண்ணீரோடு முழுங்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர் திருத்துகிறாரா என்று பாருங்கள். மூன்றாவது, 'வீட்டில் போய்ப் போட்டுக்கொள்' என்று கொடுத்தனுப்புவது. இது மேல்நிலை வகுப்புகளில் அதிகம். கொடுத்தனுப்பியது கொடுக்காததற்குச் சமம் என்றே எழுதுங்கள். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கும் வேறு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கும் அன்று கொடுக்காமல் விட்டிருந்தால் அந்த ஆசிரியர் பயிற்சியைக் கவனமாகக் கேட்டவர்.

மாத்திரைக் கணக்கு தனியாக ஒரு சாட்சி. வந்தது எத்தனை, கெட்டது எத்தனை, திருப்பிக் கொடுத்தது எத்தனை. கழித்தால் வருவது பயன்பட்டது. பள்ளியில் இது டிக் எண்ணிக்கைக்கு நெருக்கமாக இருக்கவேண்டும். அங்கன்வாடியில் கூடாது! 1 முதல் 2 வயதுக் குழந்தைகள் 12, அதற்கு மேல் 28 என்றால் 40 குழந்தைகளுக்கு 34 மாத்திரைதான் செலவாகும். 40 குழந்தை, 40 மாத்திரை என்று எழுதியிருந்தால் சின்னக் குழந்தைகளுக்கும் முழு மாத்திரை போயிருக்கிறது, அல்லது கணக்கு மேசையில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டில் எது என்பதைப் பணியாளரிடம் கத்தாமல் கேட்டாலே சொல்லிவிடுவார்.

மருந்தின் தரத்துக்கு பேட்ச் எண், காலாவதித் தேதி இரண்டையும் வட்டாரக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி மூன்றிலும் குறித்துக்கொள்ளுங்கள். போன சுற்றில் மிஞ்சிய மாத்திரை தலைமையாசிரியர் அலமாரியில் கிடந்து, புதிதாக வந்ததோடு கலந்து கொடுக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. நிறம் மாறியது, உதிர்வது, ஈரம் கோர்த்தது என்றால் அந்த பேட்ச்சை நிறுத்திவைத்து மாதிரியை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாத்திரையில் இருக்கவேண்டிய மருந்தில் 90 முதல் 110 சதவீதம் இருக்கிறதா, உரிய நேரத்தில் கரைகிறதா என்று ஆய்வகம் பார்க்கும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். 'மாத்திரை போட்டியா?' என்று வெளியாள் கேட்டால் எந்தப் பிள்ளையும் 'போட்டேன் சார்' என்றுதான் சொல்லும். 'போன வாரம் ஸ்கூல்ல என்ன கொடுத்தாங்க? எந்த இடத்துல வச்சுக் கொடுத்தாங்க? மென்னியா, முழுங்கினியா? எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள். கையில் மாதிரி மாத்திரை இருக்கட்டும். காரணம், பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கிறார்கள்: சின்ன வகுப்புக்கு இளஞ்சிவப்பு, பெரிய வகுப்புக்கு நீலம். 'நீல மாத்திரை, தண்ணியோட முழுங்கினேன்' என்ற பதில் பூச்சி மாத்திரைக்கான பதில் அல்ல. பிள்ளைகளை ஆசிரியர் அழைத்துவரக்கூடாது. பதிவேட்டில் நீங்களே எண்ணி, உதாரணமாக 4, 17, 29 என்று, வெவ்வேறு வகுப்பிலிருந்து மூன்று பேரைக் கூப்பிடுங்கள்.

பள்ளிக்குள் கேட்டால் பள்ளிக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் தெரியும். பகுதி முழுவதற்கும் தெரியவேண்டுமானால் வீட்டுக்குப் போக வேண்டும். பெரிய கணக்கெடுப்புக்குப் பணமும் ஆளும் இல்லாத இடத்தில் 19 பேர் முறை நன்றாக வேலை செய்யும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையப் பகுதியை ஓர் அலகாக எடுத்து, குடியிருப்புப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 19 இடம், இடத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு பிள்ளை. இலக்கு 75 சதவீதம் என்றால் 19-ல் 12 அல்லது அதற்கு மேல் சாப்பிட்டிருந்தால் பகுதி தேறியது. 11 அல்லது குறைவு என்றால் அங்கே கோளாறு. இலக்கு 80 என்றால் 13 வேண்டும். 75 சதவீதம் என்பது பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வெகுகாலமாக வைத்திருக்கும் குறைந்தபட்ச இலக்கு.

இந்த முறையை மிகையாக நம்பவும் கூடாது. உண்மையில் 75-க்கு மேல் உள்ள பகுதியையும் 45-க்குக் கீழே உள்ள பகுதியையும் இது பத்தில் ஒன்பது முறைக்கு மேல் சரியாகப் பிரிக்கும். இடையில் 60-ல் நிற்கும் பகுதி எந்தப் பக்கமும் விழலாம். ஒரு பகுதிக்கு 19-ல் 14, அதனால் 74 சதவீதம் என்று எழுதுவது தவறு. தேறியது, தேறவில்லை என்பதோடு நிறுத்த வேண்டும். ஐந்து பகுதிகளின் 95 பேரைச் சேர்த்து, மக்கள்தொகைக்கேற்ப எடை கொடுத்தால் வட்டாரத்துக்குக் கூட்டிக் குறைத்து 10 புள்ளிக்குள் ஒரு சதவீதம் கிடைக்கும். வீட்டுக் கணக்கெடுப்பைச் சில வாரங்களுக்குள் முடிப்பது நல்லது. ஆறு மாதம் தாண்டினால் தாய்க்கும் நினைவிருக்காது, பிள்ளைக்கும் நினைவிருக்காது.

பக்கவிளைவுப் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, சோர்வு ஆகியவை சிலருக்கு வரும். புழு அதிகம் உள்ள வயிற்றில் இது கொஞ்சம் கூடுதலாக வரும், தானே அடங்கும். நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கவனித்தால் பெரும்பாலும் போதும். தணியாவிட்டால் 108. ஒரு பிள்ளை வாந்தியெடுப்பதைப் பார்த்துப் பத்துப் பிள்ளைகள் மயங்குவது வேறு ரகம். முதல் பிள்ளையை உடனே தனியறைக்குக் கொண்டுபோனால் பாதி அடங்கும். கண்காணிப்பவர் கவனிக்கவேண்டியது, பல்லாயிரம் பிள்ளைகள் சாப்பிட்ட வட்டாரத்திலிருந்து பக்கவிளைவு 'இல்லை' என்று வருவது. அது நல்ல செய்தியல்ல, படிவம் நிரப்பப்படவில்லை என்ற செய்தி.

மாத்திரை போனது சரி, புழு குறைந்ததா? இது வேறு கேள்வி. வட்டார அளவில் இதை அளக்க முயல வேண்டாம். மாநில அளவில், ஒரே மாதிரி மண்ணும் மழையும் உள்ள மண்டலத்துக்கு ஐந்து பள்ளி, பள்ளிக்கு மூன்றாம் வகுப்பையொட்டி 50 பிள்ளைகள் என்று மலப் பரிசோதனை செய்வார்கள். கேட்டோ-காட்ஸ் முறையில் 41.7 மி.கி. மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி முட்டைகளை எண்ணி, 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வரும். கொக்கிப்புழு முட்டை இதில் சதி செய்யும்: கிளிசரின் ஊறி அரைமணி முதல் ஒரு மணி நேரத்தில் கரைந்து மறைந்துவிடும். காலையில் தகடு தயாரித்து மாலையில் பார்க்கும் ஆய்வகத்தில் கொக்கிப்புழுவே இல்லாத மாவட்டம் ஒன்று உருவாகிவிடும். மாதிரி எடுக்கும் காலமும் அப்படித்தான். முகாம் முடிந்த மறுமாதம் எடுத்தால் எல்லா இடத்திலும் வெற்றி தெரியும். அடுத்த சுற்றுக்குச் சற்று முன்பு எடுப்பதே நேர்மை.

முடிவுகளைப் படிக்கும்போது உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கக்கூடாது. ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரை உருளைப்புழுவை அநேகமாகத் துடைத்துவிடும். கொக்கிப்புழுவில் பெரும்பகுதியை நீக்கும். சாட்டைப்புழுவில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று அப்படியே நிற்கும். ஆகவே சாட்டைப்புழு குறையவில்லை என்பதால் பள்ளிகள் மாத்திரை கொடுக்கவில்லை என்று முடிவுகட்டுவது தவறு. மருந்தின் மேலேயே சந்தேகம் என்றால், மாத்திரைக்கு முன்பும் 14 முதல் 21 நாள் கழித்தும் அதே பிள்ளைகளிடம் மாதிரி எடுத்து முட்டை எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். உருளைப்புழுவுக்கு 95 சதவீதம், கொக்கிப்புழுவுக்கு 90, சாட்டைப்புழுவுக்கு 50 என்பவை எதிர்பார்க்கும் அளவுகள்.

கொக்கிப்புழு பெரியவர்களிடம்தான் அதிகம் என்பதும் நினைவிலிருக்கட்டும். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் வேலூர் சி.எம்.சி. நடத்திய டிவோர்ம்3 ஆய்வு, பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதையும் ஊர் முழுவதற்கும் கொடுப்பதையும் ஒப்பிட்டதற்குக் காரணம் இதுவே. பள்ளியில் 90 சதவீதம் சாப்பிட்டும் ஊரில் கொக்கிப்புழு நீடித்தால் உடனே ஆசிரியரைக் குற்றம் சொல்லிவிடக்கூடாது.

கையில் இரண்டு ஆள், ஒரு வண்டி, மூன்று நாள்தான் என்றால் இப்படிச் செலவிடுங்கள். முதல் நாளை மாத்திரை வந்துசேரும் வாரத்தில், பட்டியலில் விடுபட்ட தனியார் பள்ளிகளுக்கு. முகாம் நாளன்று எங்கும் போகவேண்டாம். அன்று எல்லா அதிகாரிகளும் பள்ளிகளில்தான் இருப்பார்கள், பார்வையாளர் முன்னால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அன்று மாலை தொலைபேசியில் வராதவர் எண்ணிக்கையை மட்டும் வாங்கி, அதிகம் விடுபட்ட பள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளை மாப்-அப் நாளில் அந்தப் பள்ளிகளுக்கு. மூன்றாம் நாளை ஒரு வாரம் கழித்து, சொல்லாமல், நீங்களே குலுக்கி எடுத்த ஆறேழு பள்ளிகளில் டிக் எண்ணுவதற்கு. எந்தப் பள்ளி என்பதைச் செவிலியருக்குக்கூட வண்டியில் ஏறிய பிறகு சொன்னால் போதும்.